உள்ளூர்க் குபர்நெட்டிஸ் கிளஸ்டர்: தரவு மையத்திலிருந்து மாணவர் மடிக்கணினி வரை

குபர்நெட்டிஸ் என்பது பல கணினிகளில் பரவி ஓடும் மென்பொருள் கொள்கலன்களை மேற்பார்வையிட்டு இயக்கும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இதன் மேற்பார்வையில் ஒன்றாக இயங்கும் கணினிக் கூட்டத்தைக் 'கிளஸ்டர்' என்பர். பெரிய நிறுவனங்களின் தரவு மையங்களில் ஒரு கிளஸ்டரில் ஆயிரக்கணக்கான கணினிகள் இருக்கும். அதே அமைப்பின் சிறு வடிவத்தை, மென்பொருளை எழுதிச் சோதிப்பதற்காக ஒருவர் தம் மடிக்கணினியிலேயே அமைத்துக்கொண்டால் அது 'உள்ளூர்க் கிளஸ்டர்' ஆகும். 2014இல் வெளியான குபர்நெட்டிஸ் ஐந்தே ஆண்டுகளில் மடிக்கணினிக்குள் அடங்கும் அளவுக்கு எளிமையாயிற்று. திருவண்ணாமலை போன்ற ஊரில் படிக்கும் மாணவர் ஒருவர் இன்று கட்டணம் ஏதுமின்றி இதைக் கற்க முடிவதற்கு இந்த மாற்றமே காரணம்.

வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரையோ பழுதுபார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன் ஓட்டிப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்ச ரதங்கள் மாட வீதிகளில் வலம் வருகின்றன. இவற்றுள் பெரிய தேர் சீரமைக்கப்பட்டபின், 2024 நவம்பரில், திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பாக வெள்ளோட்டம் விடப்பட்டது. சக்கரமும் அச்சும் எடையைத் தாங்குகின்றனவா, வீதி முனையில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பும்போது தேர் ஒழுங்காகத் திரும்புகிறதா என்பதெல்லாம் வெள்ளோட்டத்தில் தெரிந்துவிடும். குறை இருந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம். கூட்டம் நிறைந்த தேர்நாளில் அது தெரியவந்தால் உயிருக்கே ஆபத்து.

மென்பொருளுக்கும் இதே தேவை உண்டு. பயணச்சீட்டு முன்பதிவு, தேர்வு முடிவு, பணப் பரிமாற்றம் போன்ற இணையச் சேவைகளை ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் பயன்படுத்துகின்றனர். அத்தகைய சேவையை மக்கள் பயன்பாட்டுக்கு விடுமுன், அது ஓடப்போகும் அமைப்பைப் போன்ற ஒன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளூர்க் கிளஸ்டர் செய்யும் வேலை இதுதான். மென்பொருள் துறைக்கு இது ஒரு வெள்ளோட்டம்.

கொள்கலன்: கப்பலிலிருந்து கணினிக்கு

கொள்கலன் (கன்டெய்னர்) என்ற சொல் கப்பல் துறையிலிருந்து கணினித் துறைக்கு வந்தது. 1956 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 உலோகப் பெட்டிகளை நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே என்ன சரக்கு இருந்தாலும் பெட்டியின் அளவு ஒன்றுதான். எனவே ஒரே பாரந்தூக்கியால் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கலாம். சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் 1983இல் தொடங்கப்பட்டது.

மென்பொருளும் சரக்கைப் போன்றதே. ஒரு நிரல் ஓடுவதற்கு அதன் துணை நூலகங்கள், அமைப்புக் கோப்புகள், குறிப்பிட்ட பதிப்புகள் எல்லாம் தேவை. எழுதியவரின் கணினியில் ஓடிய நிரல் வேறொரு கணினியில் ஓடாமல் நிற்பது வழக்கமான தொல்லை. நிரலையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் அந்தக் கட்டு எங்கும் ஒரேமாதிரி ஓடும். இக்கட்டே மென்பொருள் கொள்கலன்.

இதன் வேர்கள் பழையவை. 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'சிரூட்' என்ற வசதி சேர்க்கப்பட்டது. ஒரு நிரலின் கண்ணுக்குக் கோப்புகளின் ஒரு பகுதியை மட்டுமே காட்டி, மற்றவற்றை மறைக்க அது உதவியது. 2000இல் பிரீபிஎஸ்டி இயங்குதளம் 'ஜெயில்' என்ற கடுமையான தடுப்பை அறிமுகப்படுத்தியது. கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜ், ரோஹித் சேத் இருவரும் 2006இல் தொடங்கிய 'சிகுரூப்' பணி, 2008இல் லினக்ஸ் கருநிரலில் இடம்பெற்றது. ஒரு நிரல் எவ்வளவு நினைவகத்தையும் செயலி நேரத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்ட இது வழி செய்தது.

இவையெல்லாம் வல்லுநர் மட்டுமே கையாளக்கூடிய கருவிகளாக இருந்தன. 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் சில நிமிட உரை ஒன்றில் 'டாக்கர்' என்ற கருவியை இயக்கிக் காட்டினார். கொள்கலனைக் கட்டவும் அனுப்பவும் ஓட்டவும் சில கட்டளைகளே போதும் என்ற நிலையை டாக்கர் ஏற்படுத்தியது.

குபர்நெட்டிஸின் பிறப்பு

ஒரு கொள்கலனை ஒரு கணினியில் ஓட்டுவது எளிது. ஆயிரம் கொள்கலன்களை நூறு கணினிகளில் ஓட்டும்போது வேறு கேள்விகள் எழுகின்றன. எதை எந்தக் கணினியில் வைப்பது? ஒரு கணினி பழுதானால் அதிலிருந்தவற்றை எங்கே மாற்றுவது? கூட்டம் கூடும்போது எண்ணிக்கையை எப்படிப் பெருக்குவது? இவற்றுக்கு விடை காணும் பணியே கொள்கலன் ஒருங்கியக்கம் (ஆர்கெஸ்ட்ரேஷன்) எனப்படுகிறது.

கூகுள் நிறுவனம் இந்தச் சிக்கலை மற்றவர்களுக்கு முன்பே சந்தித்தது. அதற்காக 'போர்க்' என்ற அமைப்பை 2000களின் முற்பகுதியிலிருந்தே தன் தரவு மையங்களுக்குள் பயன்படுத்தி வந்தது. கூகுள் ஒவ்வொரு வாரமும் 200 கோடிக் கொள்கலன்களைத் தொடங்குவதாக அதன் பொறியாளர் ஜோ பேடா 2014இல் தெரிவித்தார். ஆனால் போர்க் வெளியாருக்குக் கிடைக்கவில்லை. போர்க் தந்த பாடங்களைக் கொண்டு புதிதாக எழுதப்பட்ட குபர்நெட்டிஸ் 2014 ஜூனில் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. ஜோ பேடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மெக்லக்கி ஆகிய மூவரும் இதன் தொடக்க ஆசிரியர்கள். பதிப்பு 1.0 வெளிவந்த 2015 ஜூலையில், இதைத் தனி நிறுவனத்தின் உடைமையாக வைத்திருக்காமல், லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் உருவான கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையிடம் கூகுள் ஒப்படைத்தது.

குபர்நெட்டிஸ் என்பது சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதன் சின்னமும் ஏழு ஆரங்கள் கொண்ட சுக்கான் சக்கரமே. ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையே 8 எழுத்துகள் இருப்பதால் இதைச் சுருக்கமாகக் 'கே8எஸ்' என்றும் எழுதுவர்.

இயங்கும் முறை

குபர்நெட்டிஸின் அடிப்படைக் கருத்தைக் கிரிவலப் பாதையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பௌர்ணமி இரவு முழுவதும் பத்துத் தண்ணீர்ப் பந்தல்கள் இயங்க வேண்டும் என்று ஒரு மேற்பார்வையாளரிடம் சொல்வதாகக் கொள்வோம். எந்தப் பந்தலை யார் நடத்துவது, எங்கே அமைப்பது என்று அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்வதில்லை. 'பத்து இருக்க வேண்டும்' என்பதே கட்டளை. அவர் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறார். ஒன்பதுதான் இருந்தால் இன்னொன்றைத் திறக்கிறார்; பதினொன்று இருந்தால் ஒன்றை மூடுகிறார்.

குபர்நெட்டிஸும் இவ்வாறே செயல்படுகிறது. வேண்டிய நிலையை 'யாம்ல்' வடிவக் கோப்பு ஒன்றில் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளஸ்டரின் கட்டுப்பாட்டுப் பகுதி அதைக் குறித்துவைத்துக்கொண்டு, இருக்கும் நிலையை வேண்டிய நிலையோடு ஓயாமல் ஒப்பிட்டுச் சரிசெய்கிறது. கிளஸ்டரில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் 'நோட்' என்று பெயர். கொள்கலன்கள் 'பாட்' எனப்படும் சிறு தொகுப்புகளாக நோட்களில் வைக்கப்படுகின்றன. குறித்த நிலையைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் 'எட்சிடி'. பயனர் கட்டளையிடும் கருவி 'கியூப்சிடிஎல்'.

இந்த அமைப்பு பெருங்கூட்டத்தைத் தாங்கும் என்பதற்கு 2016 ஜூலையில் வெளியான 'போக்கிமான் கோ' விளையாட்டு எடுத்துக்காட்டாயிற்று. கூகுளின் குபர்நெட்டிஸ் சேவையில் ஓடிய அவ்விளையாட்டுக்கு, எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு பயன்பாடு வந்தது.

மேசைக்கு வந்த கிளஸ்டர்

தொடக்கத்தில் குபர்நெட்டிஸைச் சொந்தக் கணினியில் அமைப்பது கடினமாகவே இருந்தது. வர்ச்சுவல்பாக்ஸ், வேக்ரன்ட் போன்றவற்றின் உதவியால் பல மெய்நிகர்க் கணினிகளை உருவாக்கி, அவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மெய்நிகர்க் கணினிக்கும் முழு இயங்குதளம் ஒன்று தேவை என்பதால் நினைவகம் விரைவில் தீர்ந்துவிடும்.

2016இல் வெளியான 'மினிகியூப்' இந்த நிலையை மாற்றியது. ஒரே கட்டளையில் ஒரு நோட் கொண்ட கிளஸ்டரை அது தொடங்கிவிடும். இதற்கு இரண்டு செயலிக் கருக்கள், 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள்.

2018இல் தொடங்கிய 'கைண்ட்' இன்னொரு வழியைக் காட்டியது. 'டாக்கருக்குள் குபர்நெட்டிஸ்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமே இப்பெயர். ஒவ்வொரு நோடையும் ஒரு மெய்நிகர்க் கணினியாக அமைப்பதற்குப் பதிலாக ஒரு கொள்கலனாக அமைப்பது இதன் உத்தி. குபர்நெட்டிஸ் நிரலையே சோதிப்பதற்காக அதன் ஆசிரியர்கள் உருவாக்கிய இக்கருவி, பின்னர் மென்பொருள் எழுதுவோர் பலரிடமும் பரவியது. மூன்று நோட் கொண்ட கிளஸ்டரையும் ஒரே மடிக்கணினியில் சில நிமிடங்களில் எழுப்ப இது உதவுகிறது.

2019 பிப்ரவரியில் ரேஞ்சர் லேப்ஸ் நிறுவனம் 'கே3எஸ்' என்ற சுருக்க வடிவத்தை வெளியிட்டது. 40 எம்பிக்கும் குறைந்த ஒரே கோப்பாக வந்த அது, 512 எம்பி நினைவகம் கொண்ட சிறு கருவியிலும் ஓடும் வகையில் வடிவமைக்கப்பட்டது. எட்சிடிக்குப் பதிலாக எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தளத்தை அது இயல்பாகப் பயன்படுத்துகிறது. பத்தெழுத்துச் சொல்லின் சுருக்கம் கே8எஸ் என்றால், அளவில் அதன் பாதியான ஐந்தெழுத்துச் சொல்லின் சுருக்கம் கே3எஸ் என்பதே பெயர்க் காரணம். 2020இல் கே3எஸ்ஸும் மேற்கூறிய அறக்கட்டளையில் சேர்க்கப்பட்டது.

செலவும் கட்டுப்பாடும்

மேகக்கணிமை நிறுவனங்களிடம் கிளஸ்டரை வாடகைக்கு எடுக்கவும் முடியும். அமேசானின் குபர்நெட்டிஸ் சேவை 2018இல் தொடங்கியபோது கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் மணிக்கு 0.20 டாலர் வசூலித்தது. 2020 ஜனவரியில் அது 0.10 டாலராகக் குறைக்கப்பட்டது. குறைந்த விலையிலேயே கணக்கிட்டாலும் 30 நாளுக்கு 72 டாலர் ஆகிறது. ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் இது 6,120 ரூபாய். நோட்களாகச் செயல்படும் கணினிகளுக்கான வாடகை இதில் சேராது. பயிற்சி முடிந்தபின் கிளஸ்டரை நீக்க மறந்துவிட்டால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வாடகைக் கிளஸ்டரைத் தொடங்குவதற்கு முன்பே கடன் அட்டையோ பற்று அட்டையோ கேட்கப்படுவதும் வழக்கம். உள்ளூர்க் கிளஸ்டருக்கு மின்சாரமும் முதன்முறைப் பதிவிறக்கத்துக்கான இணையமுமே செலவு.

ஆயினும் உள்ளூர்க் கிளஸ்டரும் வெளியாரின் முடிவுகளால் பாதிக்கப்படுவதுண்டு. 2020 நவம்பரில் டாக்கர் ஹப் களஞ்சியம், பதிவு செய்யாத பயனர்கள் ஒரே இணைய முகவரியிலிருந்து 6 மணி நேரத்தில் 100 முறை மட்டுமே படிமங்களைப் பதிவிறக்கலாம் என்று வரம்பு விதித்தது. கல்லூரி ஆய்வகத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே இணைய முகவரி வழியாக வெளியே செல்வதால், அறுபது மாணவர் ஆளுக்கு இரண்டு படிமம் இறக்கினாலே அந்த வரம்பு தாண்டிவிடும். 2021 ஆகஸ்டில் டாக்கர் டெஸ்க்டாப் செயலியின் உரிம விதி மாறியது. 250 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனங்களும், ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வருவாய் உள்ள நிறுவனங்களும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் அது இலவசமாகவே தொடர்ந்தது. லினக்ஸில் ஓடும் டாக்கர் இயந்திரமும், மாற்றுக் கருவியான பாட்மேனும் கட்டற்ற மென்பொருள்களே.

அமைக்கும் முறை

கைண்ட் கருவியைக் கொண்டு கிளஸ்டர் அமைப்பதன் படிகள் வருமாறு. லினக்ஸ் கணினியாயின் நேரடியாகத் தொடங்கலாம். விண்டோஸ் கணினியாயின், முதலில் பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் துணை அமைப்பின் இரண்டாம் பதிப்பை நிறுவ வேண்டும். அடுத்து டாக்கர், கியூப்சிடிஎல், கைண்ட் ஆகிய மூன்றையும் நிறுவ வேண்டும். பின்னர் கைண்டுக்குக் கிளஸ்டரை உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால் அது படிமத்தைப் பதிவிறக்கி நோடைத் தொடங்கும். கியூப்சிடிஎல் மூலம் நோட்களைப் பட்டியலிட்டு, நிலை 'ரெடி' என்று வந்தால் கிளஸ்டர் தயார்.

முதல் பயிற்சியாக, ஒரு சிறு வலைச் சேவையின் மூன்று நகல்கள் வேண்டும் என்று யாம்ல் கோப்பில் எழுதிக் கொடுக்கலாம். மூன்று பாட்கள் ஓடத் தொடங்கியதும் அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே நீக்க வேண்டும். சில நொடிகளில் வேறு பெயருடன் புதிய பாட் தோன்றும். மேலே கூறிய பந்தல் கணக்கு கண்முன் நிகழ்வதை மாணவர் இதில் காணலாம்.

இரண்டாவது பயிற்சிக்கு மூன்று நோட் கொண்ட கிளஸ்டர் தேவை. பணி நோட் ஒன்றாகச் செயல்படும் கொள்கலனை நிறுத்தினால், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் அந்த நோட் 'ரெடி' நிலையை இழக்கும். ஆனால் அதிலிருந்த பாட்களுக்கு மாற்று உடனே தோன்றாது. இயல்பு அமைப்பில் மேலும் 5 நிமிடம் காத்திருந்த பிறகே குபர்நெட்டிஸ் மாற்று ஏற்பாட்டைத் தொடங்கும். இணைப்பு சற்று நேரம் அறுந்து மீண்டும் வரக்கூடும் என்பதற்காகத் தரப்படும் அவகாசம் இது. இதை அறியாதவர்கள் கிளஸ்டர் பழுதாகிவிட்டது என்று எண்ணி அழித்துவிடுவதுண்டு.

மாணவர் தாமே கட்டிய படிமத்தை ஓட்டும்போது பொதுவாக ஒரு தடை வரும். டாக்கரில் இருக்கும் படிமம் கைண்டின் நோடுக்குத் தானாகத் தெரியாது. அதை நோடுக்குள் ஏற்றுவதற்குக் கைண்டில் தனிக் கட்டளை உண்டு. ஏற்றிய பின்னும் படிமத்தின் பதிப்புப் பெயர் 'லேட்டஸ்ட்' என்று இருந்தால், குபர்நெட்டிஸ் ஒவ்வொரு முறையும் இணையக் களஞ்சியத்தில்தான் தேடும். கிடைக்காமல் பிழை காட்டும். பதிப்புக்கு '1' என்றோ '2' என்றோ எண் கொடுத்துவிட்டால் இத்தடை நீங்கும். இணையம் மெதுவாக உள்ள ஆய்வகத்தில், ஒரு கணினியில் பதிவிறக்கிய படிமத்தைக் கோப்பாகச் சேமித்துப் பென்டிரைவ் வழியாக மற்றக் கணினிகளுக்கு எடுத்துச் செல்லலாம். டாக்கர் ஹப்பின் 100 முறை வரம்புக்கும் இது தீர்வாகும்.

வெள்ளோட்டத்தின் எல்லை

வெள்ளோட்டத் தேரில் உற்சவ மூர்த்தி எழுந்தருளியிருப்பதில்லை; தேர்நாளின் கூட்டமும் அன்று இருப்பதில்லை. தேரின் உறுதி தெரியும். கூட்டத்தின் அழுத்தம் தெரியாது. உள்ளூர்க் கிளஸ்டருக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. மூன்று நோட் என்று காட்டினாலும் மூன்றும் ஒரே மின்கலத்தையும் ஒரே வட்டையும் நம்பியிருப்பவை. மடிக்கணினி அணைந்தால் மூன்றும் அணைந்துவிடும். தொலைவிலுள்ள தரவு மையங்களுக்கு இடையே ஏற்படும் காலத் தாமதத்தை இதில் உணர முடியாது. கைண்ட் கிளஸ்டரை நீக்கினால் அதற்குள் சேமித்த தரவும் அழியும். உண்மைச் சேவையில் ஒரு கிளஸ்டர் 5,000 நோட் வரை தாங்குமாறு குபர்நெட்டிஸ் வடிவமைக்கப்பட்டுள்ளது. அந்த அளவில் எழும் சிக்கல்கள் மடிக்கணினியில் தோன்றமாட்டா. கோப்பில் உள்ள எழுத்துப் பிழை, தவறான துறை எண், போதாத நினைவக வரம்பு, ஒரு சேவை மற்றொன்றைக் கண்டுபிடிக்க முடியாமை போன்ற அன்றாடப் பிழைகள் உள்ளூரிலேயே வெளிப்பட்டுவிடும்.

சிறுநகர மாணவர்க்கு

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் வழங்கப்பட்டவற்றில் 2 ஜிபி நினைவகமே இருந்தது. மினிகியூப் அந்த அளவைக் காலியாகவே கேட்பதால், அக்கணினிகளில் அது இயலாத செயல். 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டு, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் கைண்ட் அல்லது கே3எஸ் தடையின்றி ஓடும். 4 ஜிபி மட்டுமே இருந்தால், உலாவியை மூடிவிட்டு ஒரு நோட் கொண்ட கே3எஸ் அமைப்பது பொருத்தம்.

வேலைவாய்ப்பும் பெருநகரங்களுக்கு வெளியே மெல்ல வருகிறது. அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011 முதல் இயங்கிவருகிறது. தமிழ்வழி பயின்றவர்களுக்கு, 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழிலேயே தருகிறது.

குபர்நெட்டிஸ் நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வு 2017 முதல் நடத்தப்படுகிறது. இது விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வன்று. தேர்வர்கள் 2 மணி நேரத்தில் கட்டளைத் திரையில் அமர்ந்து, உண்மையான கிளஸ்டர்களில் கொடுக்கப்பட்ட பணிகளைச் செய்து முடிக்க வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது, கைப்பழக்கமே உதவும். கிளஸ்டரை அமைப்பது, கெடுப்பது, காரணம் தேடுவது, அழித்து மீண்டும் அமைப்பது என்னும் அந்தப் பழக்கத்தை மாணவர் தம் வீட்டு மேசையிலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துபார்க்கலாம்.